ஒளியளவும் ஒரு முகமும்

சென்ற ஆண்டு ஒரு நாள், பதினொராம் தரத்து மாணவன் ஒருவன் பாடம் முடிந்து மணி அடித்த பின்னரும் போகாமல் நின்றான். மற்றவர்கள் வெளியேறும்வரை காத்திருந்து, கொப்பிக்குள்ளிருந்து ஓர் அடையாள அட்டையை எடுத்து எம்மிடம் நீட்டினான். உறை ஓரங்களில் உரிந்து, உப்புக்காற்றில் மஞ்சளித்துப்போன பழைய அட்டை. அவனுடைய தகப்பனாருடையது. ஆறு ஆண்டுகளுக்கு முன் கடலுக்குச் சென்று உயிரோடு திரும்பாத மனிதர் அவர்.

"சேர், அப்பாவின்ர முகத்தைக் கொஞ்சம் தெளிவாக்கித் தர ஏலுமோ?" என்று கேட்டான்.

அட்டையை யன்னலோரம் பிடித்துப் பார்த்தோம். கறுப்பு வெள்ளைப் படம். வெள்ளைச் சட்டைக் கழுத்தின் மடிப்புக்கூடத் துலக்கமாகத் தெரிந்தது. பின்னாலிருந்த சுவரும் துலக்கந்தான். இரண்டுக்கும் நடுவே முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கருமை. உற்றுப் பார்த்தால் கண்கள் இருக்கின்றன என்று ஊகிக்கலாம், அவ்வளவே. அந்தக் குடும்பத்திடம் தகப்பனாரின் படம் என்று எஞ்சியிருப்பது இது ஒன்றுதான். முதலாண்டுத் திவசத்தின்போது ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துப் பெருப்பித்தார்களாம். ஸ்டூடியோக்காரர் கருமையைக் களைந்து, கன்னத்தை மினுக்கி, வெளுத்த நிறமுள்ள ஒரு கனவானைச் சட்டமிட்டுக் கொடுத்தார். தாயார் அதைச் சுவரில் மாட்டவிடவில்லை. "இது ஆரோ" என்றாராம்.

நாம் திருக்கோணமலையில், உட்துறைமுகத்துக்கும் பின்குடாவுக்கும் இடைப்பட்ட பகுதியில் உள்ள ஒரு பாடசாலையில் தமிழ் கற்பிக்கிறோம். பல்கலைக்கழகத்தில் கற்றது இலக்கணமும் இலக்கியமும். கமராவைப்பற்றி அறிந்தது பொத்தானை அமுக்கினால் படம் விழும் என்பது மட்டுமே. ஆயினும் இயலாது என்று சொல்ல மனம் வரவில்லை. பாடசாலைக் கணினியில் அட்டையைப் பிரதிசெய்து, வெளிச்சத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தோம். கருமை சாம்பலாயிற்று, சாம்பல் மூடுபனியாயிற்று, முகம் வரவில்லை. ஒளி பதியாத இடத்தில் எதனைத் துலக்குவது? இன்றைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கேட்டால் ஒரு முகத்தைச் செய்து தரும். அது ஸ்டூடியோக்காரர் செய்த வேலையின் விரைவான வடிவமே அன்றி வேறன்று. மாணவனிடம் உண்மையைச் சொன்னோம். அவன் தலையசைத்துவிட்டு, அட்டையை மீண்டும் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு போனான்.

அன்றிரவு எமது பழைய அட்டையை எடுத்துப் பார்த்தோம். 2006-ஆம் ஆண்டு, பதினாறு வயதில் எடுத்த படம். அதே வெள்ளைச் சீருடை, அதே கருமை. அந்த ஆண்டுகளில் இந்நகரத்தில் வளர்ந்தவர்களுக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை. சோதனைச்சாவடியில் பேருந்திலிருந்து இறக்கி வரிசையில் நிறுத்துவார்கள். அட்டையை வாங்கியவர் அதை முகத்தருகே பிடிப்பார், சரித்துப் பார்ப்பார், வெயிலில் நீட்டிப் பார்ப்பார், இது நீதானா என்று சிங்களத்தில் கேட்பார். ஒரு முறை முக்கால் மணி நேரம் தனியே நின்றோம். பேருந்து போய்விட்டது. அட்டையில் முகம் தெரியாதது எமது குற்றம் என்றே அப்போது எண்ணியிருந்தோம்; இன்னும் சரியாகச் சொன்னால், எமது நிறத்தின் குற்றம் என்று.

அது நிறத்தின் குற்றமா, அளவீட்டின் குற்றமா என்று கேட்கவே எமக்குப் பத்தொன்பது ஆண்டுகள் பிடித்தன.

பாடசாலையில் ஒரு டிஜிற்றல் கமரா உண்டு. வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்கள் அனுப்பியது. இல்ல விளையாட்டுப் போட்டிக்கும் பரிசளிப்பு விழாவுக்கும் வெளியே வரும். மற்ற நாள்களில் அதிபரின் அலுமாரியில் உறங்கும். அதை வாங்கி, அதனுள் கிடந்த பழைய வகுப்புப் படங்களைப் பார்த்தோம். வெள்ளைச் சீருடைகள் பளிச்சிட்டன. சுண்ணாம்புச் சுவர் பளிச்சிட்டது. முகங்கள் வரிசை வரிசையாக இருண்டிருந்தன. கழுத்துப்பட்டியின் கோடுகளை எண்ணலாம். யார் சிரிக்கிறார், யார் சிரிக்கவில்லை என்று சொல்ல முடியாது.

காரணத்தைத் தேடிப் படித்தபோது அது ஆச்சரியப்படும் அளவுக்கு எளிமையாக இருந்தது. கமரா முகத்தைக் காண்பதில்லை. ஒளியின் தொகையைக் காண்கிறது. அதுவும் பொருளின்மீது விழும் ஒளியை அன்று, பொருளிலிருந்து தெறித்து வரும் ஒளியை. ஆகவே, மங்கலான ஒளியில் நிற்கும் வெள்ளைப் பொருளும் கடும் ஒளியில் நிற்கும் கறுத்த பொருளும் அதற்கு ஒன்றாகவே படலாம். எது என்று அறிய வழியில்லாத யந்திரம் ஓர் ஊகத்தை வைத்துக்கொள்கிறது: உலகத்தின் வெண்மையையும் கருமையையும் கலந்து சராசரி பார்த்தால் நடுத்தரச் சாம்பல் வரும் என்பதே அந்த ஊகம். தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ நூற்றுக்கு 18 பங்கைத் தெறிக்கும் சாம்பல் என்று புகைப்பட நூல்கள் கூறும். சில கமராக்களின் கணக்கு அதனிலும் சற்றுக் குறைவு. எதனைக் காட்டினாலும் அந்தச் சாம்பலுக்குக் கொண்டுவந்து நிறுத்துவதே ஒளியளவீட்டின் முழுத் தொழில்.

இதைச் சொல்லி விளக்குவதைவிடச் செய்து காட்டுவது நன்று. ஒரு நாள் வகுப்பில் கரும்பலகையைத் துடைக்கச் சொல்லி, கமராவை அதன்மேல் திருப்பி, சட்டம் முழுதும் பலகையே நிறையும்படி ஒரு படம் எடுத்தோம். பிறகு வெள்ளைச் சுவரை அவ்வாறே எடுத்தோம். இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டியபோது வகுப்பு சிரித்தது. கரும்பலகையும் சாம்பல், வெள்ளைச் சுவரும் சாம்பல். எது பலகை, எது சுவர் என்று சொல்ல ஆணிக்குறியைத் தேட வேண்டியிருந்தது. "அப்ப இதுக்கு ஒண்டும் தெரியாது, சேர்" என்றாள் முன்வரிசை மாணவி ஒருத்தி. அதுதான் பாடம். மேலும் சொல்ல எம்மிடம் ஒன்றுமிருக்கவில்லை.

வெள்ளைச் சீருடையில் நாற்பது பிள்ளைகளை வெள்ளைச் சுவரின் முன் நிறுத்தினால் என்ன நிகழும் என்பது இனி விளங்கும். சட்டத்தின் பெரும்பகுதி வெண்மை. ஒளி மிகுந்துவிட்டது என்று யந்திரம் கருதுகிறது, ஒளியைக் குறைக்கிறது. வெண்மை கொஞ்சம் மங்குகிறது. ஏற்கனவே கறுத்திருக்கும் முகங்கள் இருட்டுக்குள் தள்ளப்படுகின்றன. அடையாள அட்டைப் படத்தை எடுத்தவர் ஒளிமானியை நம்பினாரோ, பழக்கத்தை நம்பினாரோ, விளைவு இதுவே. சட்டைக்கு ஒளி அளந்தார்கள், மனிதனுக்கு அளக்கவில்லை.

யந்திரத்தின் இந்தக் குறையை அதைச் செய்தவர்கள் அறியாதவர்கள் அல்லர். அதனாலேயே எங்கே அளப்பது என்று பயன்படுத்துவோன் தீர்மானிக்கும் வகைகளைக் கமராவில் வைத்தார்கள். 1960-களில் ஒளிமானி கமராவுக்குள்ளேயே குடியேறி, வில்லைவழி வரும் ஒளியை அளக்கத் தொடங்கியபோது முதலில் சட்டம் முழுவதையும் சராசரி பார்த்தார்கள். வானம் பெரிதாக இருந்தால் மனிதன் இருண்டான். பின்னர் நடுப்பகுதிக்குக் கூடிய மதிப்பும் ஓரங்களுக்குக் குறைந்த மதிப்பும் கொடுத்தார்கள். அது மையச்சார்பு அளவீடு. 1983-இல் நிக்கொன் எஃப்.ஏ. என்ற கமரா சட்டத்தை ஐந்து பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்து, முன்னரே ஆராய்ந்து வைத்த காட்சி வகைகளோடு ஒப்பிட்டு ஒரு முடிவுக்கு வந்தது. இன்று நிக்கொனில் 'மற்றிக்ஸ்' என்றும் கனொனில் 'எவலுவேற்றிவ்' என்றும் பெயர் பெற்றிருப்பது அதன் வழித்தோன்றலே. கமராவைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போது பொதுவாக இவ்வகையே அமைந்திருக்கும். பெரும்பாலோர் அதை மாற்றுவதேயில்லை. கடைசி வகை புள்ளி அளவீடு. சட்டத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கினும் மிகாத ஒரு சிறு வட்டத்தை மட்டும் அளந்து, மற்றெல்லாவற்றையும் புறக்கணிப்பது. நீள்சதுரத்துள் ஒரு புள்ளி என்பது அதன் குறி. எமது பாடசாலைக் கமராவிலும் அது இருந்தது. இத்தனை ஆண்டுகளாக ஒருவரும் தொட்டதில்லை.

நல்லூழ்போல, ஒளியளவீட்டைக் கற்பதற்கு எமது ஊரின் கடற்கரையைவிடச் சிறந்த வகுப்பறை இல்லை. திருக்கடலூர்க் கரையில் விடியற்காலையில் நின்றவர்கள் அறிவார்கள்: சூரியன் கடலிலிருந்து எழுகிறது, வள்ளங்களும் கடலிலிருந்து வருகின்றன. மீனை இறக்குபவர், வலையை உதறுபவர், வள்ளத்தைத் தோள்கொடுத்து மணலேற்றுபவர் அனைவருக்கும் பின்னால் வானம் பற்றியெரிகிறது. கரையில் நிற்கும் கமரா எரியும் வானத்துக்கு அளந்து, மனிதர்களை நிழல்களாக்கிவிடுகிறது. அந்த நிழல்கள் அழகாகவே இருக்கின்றன. உல்லாசப் பயணிகள் அவ்வாறு எடுத்துச் செல்கிறார்கள். நாட்காட்டியில் அவ்வாறு அச்சாகிறது. புகைப்படப் போட்டியில் அவ்வாறே பரிசு பெறுகிறது. சிவந்த வானம், கருநிற வள்ளம், கருநிற மனிதன். அந்த மனிதன் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டாலும் படத்தில் விடையில்லை. அவனுடைய உழைப்பு ஒரு வளைந்த முதுகின் கோடாக மட்டும் மிஞ்சுகிறது.

நாமும் அத்தகைய படங்களை வியந்தவர்களே. ஒரு சனிக்கிழமை காலையில் புள்ளி அளவீட்டுக்கு மாற்றி, வலை உதறிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரின் கன்னத்தை அளந்து எடுத்துப் பார்த்தோம். வானம் வெளுத்துத் தாளாகிப் போயிற்று. சூரியோதயம் இல்லை, சிவப்பு இல்லை, பரிசும் கிடைக்காது. ஆனால் அவருடைய நெற்றிச் சுருக்கமும், பல்லில்லாத சிரிப்பும், தாடியில் ஒட்டியிருந்த மீன் செதிளும் இருந்தன. வானத்தையும் முகத்தையும் ஒருசேர வைத்துக்கொள்ள அந்த ஒளியில் யந்திரத்துக்குச் சக்தி போதாது. ஒன்றை இழக்கத் துணிய வேண்டும். எதை இழப்பது என்பதைத் தீர்மானிக்கும்போது அது வெறும் தொழில்நுட்ப விஷயமாக இருப்பதில்லை.

இக்கேள்வி எமது கரைக்கு மட்டும் உரியதன்று. கொடாக் நிறுவனம் 1950-களிலிருந்து வர்ணப்படம் கழுவும் கூடங்களுக்கு ஒரு மாதிரிப் படத்தை அனுப்பிவந்தது. அதில் ஒரு வெள்ளைப் பெண். அவள் முகம் சரியாக வந்தால் யந்திரம் சரி. முதலில் அமர்ந்த பெண்ணின் பெயரால் அதை 'ஷேர்லி அட்டை' என்றார்கள். கறுத்த பிள்ளையும் வெள்ளைப் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்த பள்ளிப் படங்களில் கறுத்த பிள்ளையின் முகம் காணாமற் போயிற்று. கபில நிறங்களை நன்றாகக் காட்டும்படி படச்சுருளைத் திருத்தத் தூண்டியவை சொக்கலேற்று விற்பவர்களும் மரத்தளபாடம் செய்பவர்களும் தந்த முறைப்பாடுகள் என்று 2009-இல் ஆய்வாளர் லோர்ணா ரொத் எழுதினார். பண்டத்துக்குக் கிடைத்த நியாயம் பிள்ளைக்குத் தாமதித்தே வந்தது.

இன்னொரு நிகழ்ச்சி அடையாள அட்டையோடு நேரே தொடர்புடையது. 1970-இல் அமெரிக்காவின் போலறோயிட் நிறுவனத்தில் இரசாயனவியலாளராக இருந்த கரோலைன் ஹன்ரர், அங்கே புகைப்படப் பிடிப்பாளராக இருந்த கென் வில்லியம்ஸ் ஆகிய இரு கறுப்பினத் தொழிலாளர்கள், தம் நிறுவனத்தின் கமரா தென்னாபிரிக்காவின் கறுப்பின மக்கள்மீது சுமத்தப்பட்ட அனுமதிப் புத்தகங்களுக்குப் படமெடுக்கப் பயன்படுவதைக் கண்டனர். தொழிலாளர் இயக்கம் ஒன்றை அமைத்து, துண்டுப்பிரசுரம் ஒட்டி, புறக்கணிப்புக்கு அழைத்தனர். ஹன்ரர் வேலையிழந்தார். போராட்டம் ஓயவில்லை. 1977-இல் அந்நிறுவனம் தென்னாபிரிக்க விற்பனையை நிறுத்தியது. முகம் தெரியாமல் எடுப்பது ஓர் அநீதி. முகத்தை நன்றாகத் தெரியும்படி எடுத்து அதைக்கொண்டே ஒருவனைத் தடுத்து நிறுத்துவது மற்றோர் அநீதி. சோதனைச்சாவடியில் நின்ற நாளை நினைக்கும்போது, அட்டையில் எமது முகம் துலக்கமாக இருந்திருந்தால் மட்டும் போதியிருக்குமா என்ற ஐயம் எமக்கு உண்டு.

கருவிகள் குறைவாக இருந்த காலத்திலும் கறுத்த தோலின் ஒளியை அறிந்தவர்கள் இருந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கொழும்பில் பிறந்து 1944-இல் மறைந்த லயனல் வென்ற் எடுத்த இலங்கை மக்களின் படங்கள் 1950-இல் நூலாக வந்தன. அவருடைய கமராவுக்குள் ஒளிமானி இல்லை. ஆனால் வெயிலில் நிற்கும் கபில நிறத் தோள் அவர் படங்களில் இருட்டாகவும் இல்லை, வெளிறவும் இல்லை. எண்ணெய் தேய்த்த மரம்போல் மினுங்குகிறது. பார்ப்பவனின் கண் பழகியிருந்தால் போதும் போலும்.

எமது கண் பழகியிருக்கவில்லை. புள்ளி அளவீட்டைக் கண்டுகொண்ட மகிழ்ச்சியில் அந்த மாணவனையே அழைத்து, கன்னத்தில் அளந்து ஒரு படம் எடுத்தோம். முகம் துலங்கியது, ஆனால் அவன் அவனாக இல்லை. ஸ்டூடியோக்காரர் செய்த கனவானின் மகன் போலிருந்தான். கரும்பலகைப் பாடத்தை நாமே மறந்திருந்தோம்! யந்திரம் அளந்த இடத்தைச் சாம்பலாக்கும். நடுத்தரச் சாம்பலினும் கறுத்த கன்னத்தை அளந்தால் அதை வெளுப்பாக்கிச் சாம்பலுக்குக் கொண்டுவரும். படத்தைப் பார்த்த மாணவர்கள், "இதுதான் வடிவு, சேர், இப்பிடியே விடுங்கோ" என்றார்கள். கைத்தொலைபேசிகள் கேளாமலே முகத்தை வெளுத்துத் தரும் காலத்தில் வளரும் பிள்ளைகள். அவர்களோடு வாதிட்டோம். வென்றோம் என்று சொல்லமாட்டோம். இருட்டடித்த முகமும் வெளுத்த முகமும் ஒரே பிழையின் இரண்டு கரைகள் என்று ஏற்றுக்கொண்டவன் அந்த மாணவன் ஒருவனே. அவன் வீட்டில் இரண்டு படங்களும் இருந்தன அல்லவா?

இதற்குப் புகைப்படக்காரர்களிடையே ஒரு பழைய உபாயம் உண்டு. முகத்தை அளக்காமல் உள்ளங்கையை அளப்பது. உள்ளங்கைத் தோலில் நிறப்பொருள் குறைவு. முகங்கள் வேறுபடும் அளவுக்கு உள்ளங்கைகள் வேறுபடுவதில்லை. அது நடுத்தரச் சாம்பலைவிட ஏறத்தாழ ஒரு படி, அதாவது இரு மடங்கு, வெளிச்சமானது. ஆகவே முகத்தில் விழும் ஒளியே கையிலும் விழும்படி முகத்தருகே விரித்துப் பிடிக்கச் சொல்லி, அதைப் புள்ளி அளவீட்டில் அளந்து, ஒரு படி கூட்டி, அந்த அளவைப் பூட்டிவிட வேண்டும். பிறகு கையை எடுத்துவிட்டுப் படம் எடுக்கலாம். கறுத்தவர் கறுப்பாகவும், பொதுநிறத்தவர் பொதுநிறமாகவும், அவரவர் முகத்தோடு வருவார்கள். சட்டையின் நிறம் எதுவானாலும் கவலையில்லை. வகுப்பில் பத்துப் பேரிடம் செய்து பார்த்தோம், பத்தும் சரி. இரண்டொரு கைகளுக்குப் படியைச் சற்றுக் கூட்டிக் குறைக்க நேர்ந்தது.

சென்ற மாசி மாதம் அந்த வீட்டுக்குப் போனோம். திவசம் அன்று. தகப்பனாரின் படம் இல்லாமலே விளக்கு ஏற்றப்பட்டிருந்தது. விளக்கின் முன்னே அவருடைய துடுப்பு ஒன்றைச் சாத்தி வைத்திருந்தார்கள். சாப்பாடு முடிந்து இலை எடுத்தபின் தாயார் வந்து நின்றார்.

"தம்பி சொன்னவன், சேரிட்டக் கமரா இருக்குதெண்டு. எனக்கும் ஒண்டு எடுத்து வையுங்கோ. பிறகு பிள்ளையள் ஆரிட்டயும் கேட்டுத் திரியக்கூடாது."

திண்ணையில் நிழல் ஒழுங்காக இருந்தது. தலையைக் கோதிக்கொண்டு வந்து அமர்ந்தார். கையை முகத்தருகே விரிக்கச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார்.

"கையை ஏன் சேர் பாக்கிறியள், சாத்திரம் சொல்லவோ?"

கருவாட்டு உப்பில் வெடித்த கை. வெடிப்புகளுக்கிடையே தெளிவான ஓரிடத்தைத் தேடி அளக்கச் சிறிது நேரம் சென்றது. ஒரு படி கூட்டிப் பூட்டினோம். மூன்று படங்கள் எடுத்தபின் கமராவின் பின்புறத் திரையைக் காட்டினோம். அவர் அதைக் கையில் வாங்கி, சேலைத் தலைப்பால் திரையைத் துடைத்துப் பார்த்தார். "நான்தான்" என்றார். பிறகு மகனைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அடுத்த வீட்டு அம்மா வேலியால் எட்டிப் பார்த்துவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு, பேத்தியையும் கூட்டிக்கொண்டு வந்தார். வெயில் சாயும்வரை பதினொரு பேரை எடுத்தோம். படங்களை அச்சிடும் செலவைப்பற்றி அதிபரிடம் இன்னும் கேட்கவில்லை.